லூர்துநாதன் காற்றில் விட்டது

லூர்துநாதன் இருபத்திரண்டு வருஷமாக ஏ.சி. மெக்கானிக். வீடு புதுச்சேரியை ஒட்டிய கடலோரப் பிள்ளைச்சாவடியில், வேலை நகருக்குள் உப்பளம் பகுதியில் ஒரு கடையில். மெஷினைக் கழற்றும்போது குழாயைத் திறந்து, உள்ளிருக்கும் கேஸைக் காற்றில் விட்டுவிடுவார். நிறமில்லை, வாசனையில்லை. யாரும் கேட்டதுமில்லை.

போன சித்திரையில் சந்திரகலா வீட்டு ஏ.சி. குளிரவில்லை என்று போனார். லேப் டெக்னீஷியனான அந்தப் பெண், தன் வீடு வருஷத்துக்கு எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்று கரண்ட், சமையல் சிலிண்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதுல எவ்ளோ கேஸ் இருக்கும்?"

"ஒரு கிலோ. பாதி லீக்காயிடுச்சி. மிச்சத்தையும் வுட்டுட்டுப் புதுசா ஏத்தணும்."

அவள் போனில் தேடினாள். முகம் மாறியது.

"நிறுத்துங்கண்ணே! ஒரு கிலோ வெளிய போனா ரெண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமமாம். என் ஸ்கூட்டர் ஆறு வருஷம் வுடற புகை."

லூர்துநாதன் சிரித்தார். ஆனால் குழாயை மூடிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினார். வழியெல்லாம் மனசு கணக்குப் போட்டது. வாரத்துக்கு நாலு மெஷின், இருபத்திரண்டு வருஷம். நாலாயிரம் மெஷினைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் மனைவி அந்தோணிமேரி கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். குளியலறைச் சுவர் இருந்த இடத்தில் கடல் தெரிந்தது.

"புயலில்ல, காத்துகூட இல்லீங்க. சும்மா வந்துச்சி, எடுத்துட்டுப் போயிடுச்சி."

கடல் ஊருக்குள் வருவது துறைமுகத்தால் என்பார்கள் ஊரில். பக்கத்துக் கரையில் கல் கொட்டியதால் என்பார்கள். பூமி சூடேறினால் கடலும் ஏறும் என்று எப்போதோ கேட்டதும், அந்த நாலாயிரமும் அவர் மனசில் சேர்ந்து வந்தன.

மறுநாள், கேஸைத் திரும்ப இழுத்துச் சிலிண்டரில் அடைக்கும் மெஷினை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் போய், சந்திரகலா வீட்டு வேலையை முடித்தார். பிறகு கடை முதலாளி தணிகாசலத்திடம் அந்த மெஷின் ஒன்று வேண்டுமென்றார்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் முக்கா மணி நேரம் கூட ஆவும்ன்றியே லூர்து, இந்த வெயில்ல எவன் காத்திருப்பான்? தொறந்து வுட்டுட்டு வா."

"இனிமே என்னால முடியாதுங்க."

அன்றோடு வேலை போயிற்று. கேஸ் இழுக்கும் பழைய மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தனியாகத் தொழில் செய்கிறார். தாமதமாகும் என்றதும் பாதிப் பேர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். சந்திரகலா மட்டும் வெயில் இறங்காமலிருக்க மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஏ.சி.யை இருபத்தேழு டிகிரிக்குக் கீழே இறக்குவதில்லை.

லூர்துநாதன் வீட்டில் கடல் பக்கத்துப் பின்னறையில் இப்போது யாரும் படுப்பதில்லை. இந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டதில் மாசி மாசமே போன் வர ஆரம்பித்துவிட்டது. "ஒரு ஏ.சி. பத்தலைங்க, இன்னொண்ணு மாட்டணும்." ஒரே தெருவில் மூன்று வீடுகள். லூர்துநாதன் கேஸ் இழுக்கும் மெஷினையும் வண்டியில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.