எழுதுமுன் வைத்த தென்னை

லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓர் அயர்லாந்துக் கிழவர். கட்டட வேலைக்கென்று இளவயதில் வந்தவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். அவருடைய குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைப்பது என் வேலை. கூலியாக ஒரு கதை சொல்வார். நாள் முழுக்க பஸ் ஓட்டி அலுத்து வருபவனுக்குக் கதை கேட்கப் பொறுமை ஏது? தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். அன்றைக்கு மட்டும் நின்றேன்.

அவருடைய பாட்டனார் குத்தகைக்காரராம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் உழுத நிலம். உடையவர் இருந்ததோ லண்டனில். குத்தகைக்காரன் மரம் நட்டால் அந்த மரமும் உடையவருக்குத்தான். அதனால் அந்த ஊரில் ஒருவரும் மரம் நடுவதில்லை. பிறகு சனம் திரண்டு, குத்தகை கட்டமாட்டோம் என்று நின்று, அடி வாங்கி, மறியலில் அடைபட்டு, கடைசியில் சட்டம் வந்தது. அரசாங்கமே முன்னுக்கு நின்று நிலத்தை உடையவரிடமிருந்து வாங்கி, உழுதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. வருடாவருடம் தவணை கட்டிவந்தால் நிலம் அவர்களுக்கே சொந்தம்.

"நிலம் கைக்கு வந்ததும் பாட்டனார் செய்த முதல் வேலை, வாசலில் ஓர் ஆப்பிள் கன்று நட்டதுதான்" என்றார் கிழவர்.

யாழ்ப்பாணத்தில் அப்பா காலத்திலிருந்து நாங்கள் செய்துவரும் தோட்டமும் எங்களுடையதல்ல. வெங்காயம் வைக்கலாம், மிளகாய் வைக்கலாம், புகையிலை வைக்கலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் வைத்தவன் நாளைக்கு நிலத்திலும் உரிமை கேட்பான் என்ற பயம். எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறியவனை நான் கண்டதுமில்லை. என் தம்பி இன்றைக்கும் அதே நிலத்தைத்தான் கொத்துகிறான். உடையவர் இங்கே மோர்டனில், எனக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்.

ஓய்வுபெற்ற எஞ்சினியர். நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே கோயிலில்தான் ஞாயிறு பூசை காண்கிறோம். மற்றவர்கள் எல்லாரும் அவரை அண்ணை என்பார்கள். எனக்கு மட்டும் வாயில் 'ஐயா' என்றுதான் வரும். அப்பா அவர்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று கதைத்தவர். நான் அவருடைய சோபாவில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறேன். முன்னேற்றம்தான், வேறென்ன.

கிழவரின் கதை தந்த துணிவில், அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கேட்டேவிட்டேன்.

"ஐயா, அந்தத் தோட்டக் காணியைத் தம்பிக்கே தந்தால் என்ன? விலையை நீங்களே சொல்லுங்கோ."

"நீர் கேக்கிறதும் நியாயந்தான். என்ர பிள்ளையள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கப்போறேல்லை. கோடைக்கு நான் ஊருக்குப் போகேக்கை நொத்தாரிசிட்டைத் தம்பியின்ர பேரிலை உறுதி எழுதுவம்."

வெளியே வந்ததும் தம்பிக்குப் போன் எடுத்தேன். கிழவரின் ஆப்பிள் கன்றையும் சொன்னேன். "அப்ப நானும் ஒண்டு வைக்கட்டோ அண்ணை?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தக் கிழமையே வேலியோரமாக ஒரு வரிசை தென்னம்பிள்ளை வைத்துவிட்டான்.

ஐயா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். இந்த முறை தேத்தண்ணி வரவில்லை. ஊரிலிருக்கும் அவருடைய தங்கைவழி மருமகன் அனுப்பிய படத்தைப் போனில் காட்டினார். கன்றுகளுக்குப் பின்னால் கையெல்லாம் மண்ணோடு தம்பி நிற்கிறான், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. படம் எடுக்க வந்தவன் வாழ்த்த வந்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறான், பாவி.

"எழுத முன்னமே தென்னை வைச்சிட்டாரே?"

"சந்தோசத்திலை வைச்சிட்டான் ஐயா."

"இதுக்குப் பேர் சந்தோசமில்லைத் தம்பி, காணி பிடிக்கிறது. முதல்லை புடுங்கச் சொல்லும். பிறகு கதைப்பம்."

விற்கச் சம்மதித்த நிலத்தில்தான் அவன் கன்று வைத்தான். ஆனாலும் அவருக்கு உண்மையாகவே நெஞ்சு கொதித்தது, முகத்தில் தெரிந்தது. எனக்கும் கொதித்தது. மண், மண் என்று எத்தனை பிள்ளைகளைப் புதைத்தோம்! அந்த மண் யாருடைய பெயரில் இருக்கிறது, அதைக் கொத்துகிறவன் யார் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? "ஓம் ஐயா, புடுங்கச் சொல்லுறன்" என்றுதான் சொன்னேன்.

தம்பியிடமும் அப்படியே சொன்னேன். "புடுங்கிப்போட்டுச் சொல்லுறன் அண்ணை" என்றான், அவ்வளவுதான்.

அன்று மாலை குப்பைத் தொட்டியை இழுத்து வைத்தபடி கிழவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"உங்கள் உடையவர் நல்லவரா?" என்று கேட்டார்.

"நல்லவர்தான்."

"எங்கள் ஆளும் நல்லவர் என்றுதான் பாட்டனார் சொல்வார். நல்லவரிடம் கேட்டு ஒருவருக்கும் நிலம் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை."

அவர்மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. இதை அந்த ஆப்பிள் கன்றோடு சேர்த்தே சொல்லியிருக்கலாமே!

இரண்டு நாள் கழித்து டிப்போவில் ஷிப்டுக்குக் காத்திருந்தபோது ஐயாவின் போன் வந்தது. குரல் இதமாகத்தான் இருந்தது. "மருமோன் வேறை ஆளுக்குக் காணியைக் குடுக்கிறதெண்டு பேசி முடிச்சிட்டார். குத்தகையும் இந்தப் போகத்தோடை முடியுதாம். நான் இங்கையிருந்து என்ன செய்யிறது, சொல்லும் பார்ப்பம்? மனசிலை ஒண்டும் வைச்சிருக்காதையும்." ஞாயிறு பூசைக்கு வருவேன்தானே என்றும் கேட்டார். ஓம் என்றேன்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பஸ்ஸில் ஏறி இருந்தேன். நான் போன் எடுப்பதற்கு முன் தம்பியே எடுத்தான். மூச்சு வாங்கியது.

"அண்ணை, எல்லாம் புடுங்கிட்டன். குழியளையும் மூடிட்டன், அடையாளமே தெரியாது. ஒண்டு மட்டும் அதுக்குள்ளை வேர் பிடிச்சிட்டுது, இழுக்க வரேல்லை. அதை அடியோடை வெட்டிப்போட்டன். படம் அனுப்புறன், ஐயாவிட்டைக் காட்டுங்கோ. இனி எழுதுவார்தானே?"

எழுதமாட்டார் என்று சொன்னேன்.