கிழிக்காமல் விட்ட பக்கம்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் வெட்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. புத்தகம் வந்ததிலிருந்து, "எப்படி எழுத்தாளரானீங்க?" என்று பலர் ஆசையாகக் கேட்கிறீர்கள். ஒரு பொய்யை அச்சில் ஏற்றினேன். அதனால் ஆனேன்.

என் கணவர் ஹைதராபாத்தில் மௌலா அலி என்கிற பகுதியில் மத்திய அரசு வேலையில் இருந்தவர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போது இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அழுதேன், உபவாசம் இருந்தேன். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைத்துவிட்டதாகவே சொல்லி நன்றி செலுத்துவோம். அதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் அதை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வருஷம் சபையின் வெள்ளிவிழாவுக்கு மலர் போட்டார்கள். என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று பாளையங்கோட்டையில் பள்ளியில் படித்த நாளிலிருந்தே எனக்கு ஆசை. கல்யாணமாகி ஹைதராபாத் வந்த முப்பது வருஷத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பு. கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாக நாலு வரி எழுதித் தரக் கேட்டார்கள், ஒரு பக்கம் எழுதினேன். என் கணவர் பூரண சுகம் பெற்றார், இனி டயாலிசிஸ் வேண்டாம் என்று போட்டோவோடு கொடுத்தேன்.

மலர் அச்சில் இருக்கும்போதே, நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்தபின் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "சிஸ்டர், மலர் வந்திடுச்சு. உங்க பக்கத்த மட்டும் கிழிச்சிட்டுக் கொடுக்கட்டுமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"இருக்கட்டும் பாஸ்டர்" என்றேன். விசுவாசத்தால் அல்ல. என் பெயர் போட்ட பக்கம் குப்பைக்குப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. புருஷன் போன துக்கத்திலும் அந்த ஆசை போகவில்லை, பாருங்கள். துக்க வீட்டில் பாஸ்டரும் வற்புறுத்தவில்லை. அதன்பின் நான் ஜெபிப்பதை விட்டேன். ஆலயத்தில் சாட்சி நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மார்ச் மாதம், ஊரின் மறுகோடியில் இருக்கும் கொண்டாப்பூரிலிருந்து பியூலா என்றொரு பெண் போன் செய்தாள். நாகர்கோவில்காரி, ஐடி வேலை. தோழி வீட்டில் மலரைப் பார்த்து, கடைசிப் பக்க முகவரிப் பட்டியலிலிருந்து என் நம்பரை எடுத்திருக்கிறாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் கிட்னிதான். உங்க சாட்சிய டெய்லி படிக்கோம். ஒரு வாரமா டயாலிசிஸ் போகல, விசுவாசத்துல நிறுத்திட்டோம். லேசா மூச்சு வாங்குது, ஜெபம் பண்ணுங்க. அண்ணன் சுகமா இருக்காங்கல்லா?"

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்று கத்தினேன். "விசுவாசத்த சோதிக்கீங்களாக்கா?" என்று சிரித்தாள். என் கணவர் இறந்துவிட்டார் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. வீட்டு அட்ரஸை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

உப்பலில் மெட்ரோ ஏறி, ஹைடெக் சிட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த ரயிலில்தான் ஜெபித்தேன். "ஆண்டவரே, என் புருஷனக் கேட்டேன், நீர் தரல. சண்ட போட இப்ப நேரமில்ல. இந்தப் பிள்ளைய எடுத்துக்கிடாதேயும்."

பியூலாவின் கணவர், அந்தத் தம்பி, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு.

"என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாரும்மா. நான் எழுதினது பொய்."

பியூலா அழவில்லை. "பின்ன எதுக்குக்கா அச்சுல போட்டீங்க?" என்றாள்.

அந்தத் தம்பிதான் மூச்சு வாங்கிக்கொண்டே, "பியூலா, ஆஸ்பத்திரிக்குக் கேப் புக் பண்ணு" என்றார்.

நான்கு நாள் ஐசியூ. வராந்தாவில் பியூலா என்னோடு பேசவில்லை. நானும் அங்கிருந்து நகரவில்லை. அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஜெபித்தேன். ஐந்தாம் நாள் காலையில் வார்டுக்கு மாற்றினார்கள். பியூலா ஒரு கப் டீயைக் கொண்டுவந்து, "குடிங்கக்கா" என்று நீட்டினாள். அடக்கத்தன்றுகூட அழாத அழுகையை அங்கே அழுதேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்.

அவள் கேள்விக்குப் பதில் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னும் ஒரு மடக்குத் தண்ணீருக்கு என் கணவர் கெஞ்சியதையும், டாக்டர் சொன்ன அளவு முடிந்தது என்று நான் மறுத்ததையும் எழுதினேன். "எனக்காக ஜெபிச்சது போதும், கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு" என்று அவர் சொன்னதையும், நான் உட்காராததையும் எழுதினேன். சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் போட்டது. அட்டையில் என் பெயர் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு, பொய்க்குப் போட்ட பெயரை உண்மைக்கும் போட வேண்டும் என்று தோன்றியது.

புத்தகத்தை ஆலயத்தில் வைத்து ஜெபித்த ஞாயிறன்று, சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். "என் கணவர் சுகமாகவில்லை, இறந்துவிட்டார். கர்த்தர் என்னைக் கைவிடவில்லை" என்றேன். நான் உட்கார்ந்ததும், பின்வரிசையில் எப்போதும் தலைகுனிந்தே இருக்கும் ஒருவர் எழுந்தார். "என் மகளும் சுகமாகல, பாஸ்டர். இறந்து ஆறு வருஷமாச்சு" என்றார். சபை முழுவதும் எழுந்து நின்றது.

அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள், ஜெபியுங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். கேட்டது கிடைக்காமல் போயிருந்தாலும் எழுந்து அதைச் சொல்லுங்கள். அதைச் சொல்ல அந்த மனிதர் ஆறு வருஷம் காத்திருந்தார்.