ரிவர்ஸ் ஹாரனில் என் பாட்டு

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது என் தம்பிக்காக. அப்பா எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். கீபோர்டு வைத்த அந்தப் பெட்டியைக் கடைக்காரர் கம்ப்யூட்டர் என்றே சொல்லி விற்றிருந்தார். "இதுல பழகிட்டான்னா நாளைக்கு வேலைக்கு ஆவும்" என்றார் அப்பா. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டோடு இருந்தவள் நான். நான் பழகினால் எதற்கு ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தம்பி கொஞ்ச நாள் கார் ஓட்டினான், துப்பாக்கியால் சுட்டான். பிறகு சலித்துப்போய் கிரிக்கெட் மட்டையோடு தெருவுக்கு ஓடிவிட்டான். பெட்டி என் கைக்கு வந்தது.

அதோடு வந்த கேசட்டுகளில் ஒன்றில் விளையாட்டே கிடையாது. செருகினால் வெறும் நீலத் திரை வரும். எந்த எழுத்தை அடித்தால் எந்தச் சுரம் வரும் என்பதைக் கூட இருந்த சின்னப் புத்தகத்தில் ஒரு பக்கம் சொன்னது. பள்ளியில் படிக்கும்போது பாட்டு கிளாஸ் போகக் கேட்டேன். "ஏன், மேடை ஏறப் போறியா?" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. காது மட்டும்தான் இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சிப்புக்கு நாலு குரல். இரண்டு கூர்மையாகக் கீச்சிடும். ஒன்று தணிந்து, குழாய்க்குள் ஊதியதுபோல வரும். நாலாவது வெறும் இரைச்சல். அதைத் துண்டு துண்டாக நறுக்கினால் தாளமாகும். ஒரு குரலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ஆனால் மூன்று சுரங்களை மிக வேகமாக மாற்றி மாற்றி ஓட்டினால் மூன்றும் ஒன்றாக ஒலிப்பதாகக் காது ஏமாந்துவிடும். ஒருநாள் மத்தியானம் சுரத்தின் நீளத்தைத் தப்பாக அடித்தபோது தற்செயலாக இதைக் கண்டுபிடித்தேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடித்ததைச் சேர்த்துவைக்க அதில் வழியில்லை. அணைத்தால் போச்சு. கரண்ட் போனாலும் போச்சு. மறுநாள் முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பேன். ஒவ்வொரு தடவையும் வேண்டாத சுரம் ஒன்று தானாக உதிர்ந்து போகும். அப்படி உதிர்ந்து உதிர்ந்து எஞ்சியதுதான் என் பாட்டு. முதலில் குதித்து ஏறும், மேலே போய்க் கொஞ்சம் தயங்கும், அப்புறம் அந்த வேகமான உருட்டலோடு இறங்கிவரும். வீட்டில் எல்லோருக்கும் அது கொசு சத்தம்.

மாமாவுக்கு மட்டும்தான் அது பாட்டாகக் கேட்டது. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை செய்யும் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், கை கழுவப் போகும் வழியில் நின்றுவிட்டார்.

"இது நீயா போட்டது பாப்பா?"

"ஆமா மாமா."

"இன்னொரு தபா போடு."

ஈரக் கையோடு நின்று முழுசாகக் கேட்டார். அதுவரை யாரும் இன்னொரு தடவை போடச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். வண்டி பின்னால் வரும்போது அடிக்கிற ரிவர்ஸ் ஹாரனில் இதை வைக்கப் போவதாகவும், சென்னையில் தெரிந்தவர் ஒருவர் சிப்பில் ஏற்றித் தருவார் என்றும் சொன்னார். ஆனால் அந்தச் சிப்பில் ஒரு குரல்தான் கொள்ளும்.

"அப்போ கீழ்க்குரல்?" என்றேன்.

"வண்டி பின்னால வர்றப்போ அதெல்லாம் யாரு கேக்கப் போறா? கம்மியா இருந்தாதான் காதுல ஏறும்."

தாளம் போனது, கீழ்க்குரல் போனது. வேகமான உருட்டலை மட்டும் விடவே கூடாது என்று கெஞ்சினேன். அதை வைத்துக்கொண்டார்.

ஹாரன் நன்றாக ஓடியது. நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பௌர்ணமி அன்று கிரிவலத்துக்கு வந்த வேன்கள் இடம் தேடி முன்னும் பின்னும் நகரும்போது, இந்த மூலையிலும் அந்த மூலையிலும் என் பாட்டு கேட்கும். தலைவலி என்று ஜனங்கள் காதைப் பொத்துவார்கள். நான் சிரித்துக்கொண்டே நடந்து போவேன்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் மாமாவைப் பேட்டி எடுத்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். இந்த ட்யூன் எப்படி வந்தது என்று கேட்டதும் மாமா கொஞ்சமும் தயங்கவில்லை.

"நானே உக்காந்து போட்டதுங்க. சின்ன வயசுலேர்ந்து சங்கீதத்துல ஒரு இது."

"மாப்ளைக்கு என்ன மூள பாரேன்" என்றார் அப்பா.

"அது நான் போட்டதுப்பா" என்றேன்.

தம்பி சிரித்தான். அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"எதுடி உன்னுது? அந்தப் பொட்டியே நான் வாங்கினது."

மறுநாள் மாமாவின் கடைக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். கடைப் பையன்களில் ஒருவனை டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அவன் திடீர்னு கேட்டான், வாயில வந்துடுச்சி பாப்பா. கொழுந்தியா போட்டதுன்னு சொன்னா நாலு பேரு நாலு விதமா கேப்பான். வயசுப் பொண்ணு. உன் நல்லதுக்குத்தான்."

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். எனக்காக ஒரு வார்த்தையாவது அவரிடம் கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"கடைக்குப் போயி பசங்க முன்னால அவரைக் கேள்வி கேட்டியாமே?"

"நான் போட்டதுன்னு உனக்கே தெரியும் இல்லக்கா."

"தெரியும். அதுக்கென்ன இப்போ? நீ நாளைக்குக் கல்யாணமாகி எங்கியோ போயிடுவ. நான் இந்த ஊர்ல தல நிமுந்து நடக்க வேணாமா?"

செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு அம்மாவைத் தேடி உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பெட்டி முன்னால் உட்காரவில்லை என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தேன். விரல் பழக்கத்தில் போகும். ஏதாவது நன்றாக வந்தால் உடனே பயம் வரும். யாரும் கேட்பதற்குள் சுவிட்சை அணைத்துவிடுவேன். சேர்த்துவைக்க முடியாத அந்தக் குறை அப்போது வசதியாகிவிட்டது.

மக்களுக்கு அந்த ஹாரன் பழசாகிவிட்டபோது மாமா வந்தார். எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பூவும் பழமும் வைத்துப் பேசிவிட்டுக் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, போறதுக்கு முன்ன வேற ஒண்ணு போட்டுக் குடேன். இன்னும் ஜாஸ்தி ஓடுற மாதிரி."

"எனக்கு எங்க மாமா சங்கீதம் தெரியும்?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். என் கல்யாணத்தில் இருவரும் விருந்தாளிகளைப் போலப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். புருஷன் கடையை அப்போதே தூக்கி நிறுத்தியிருக்கலாம், தங்கைக்கு மனசு வரவில்லை என்று சொந்தக்காரர்களிடம் அக்கா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர்களும் என்னைப் பார்க்கும்போது ஏன் உதவவில்லை என்று கேட்கிறார்கள்.