பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம்

வெர்லா ஹ்ருஷ்காவுக்கு இரண்டு வேலை. ஒன்று பள்ளிப் பேருந்து ஓட்டுவது; அதற்குச் சம்பளம் உண்டு. இன்னொன்று ஊர் ஆம்புலன்ஸ் ஓட்டுவது; அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை விருந்து வைத்துக் கைகுலுக்குவார்கள். மனிதரைவிட மாடு அதிகமுள்ள அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து எங்கள் மேற்குக் கோடியில் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தப்பு.

கொரோனா வந்த ஆண்டு, நவம்பர் மாதக் காலை. ஓர்வில் டீட்ஸின் பண்ணையைப் பேருந்து கடந்தபோது, மாடுகள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி முட்டிமோதிக்கொண்டு நின்றன. தண்ணீர்மேல் உறைந்திருந்த பனிக்கட்டியை யாரும் உடைக்கவில்லை. மனைவி போனபின் தனியாக இருக்கும் ஓர்வில் தன் சாப்பாட்டை மறப்பான், மாட்டுக்குத் தண்ணீரை மறக்கமாட்டான். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, முகக்கவசத்தோடு போய் அவன் கதவைத் தட்டினாள்.

நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"எப்படிடா இருக்க?"

"பரவாயில்ல."

கையோடு கொண்டுவந்த ஆக்சிஜன் பார்க்கும் கருவியை அவன் விரலில் மாட்டினாள். எழுபத்தொன்பது காட்டியது; தொண்ணூற்றைந்தாவது இருக்கவேண்டும்.

"ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினியா?"

"ரெண்டு வாட்டி. எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. பரவாயில்லன்னேன். வீட்லயே இருங்கன்னாங்க."

"உன் வாயில மண்ணப் போட!" என்று திட்டிக்கொண்டே அவனைத் தூக்கி நிறுத்தி, ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பதினாறு கட்டில். தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. ஓர்வில் நோயில் விழுந்த அதே வாரம் ஒமாஹா நகரத்தில் அவன் தம்பியும் விழுந்தான். அவனுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஆறு தெரு தள்ளி. நடந்தே போனான், ஐந்தாம் நாள் வீடு திரும்பிவிட்டான். நோய் ஒன்றுதான். அண்ணனுக்கு மட்டும் முந்நூறு மைல். டாக்டர் பதினோரு ஊருக்குப் போன் போட்டார். எங்கும் இடமில்லை. ராத்திரிக்குள் கிடைக்காவிட்டால் ஆள் தாங்கமாட்டான் என்று வெர்லாவிடம் மெல்லச் சொன்னார்.

பன்னிரண்டாவதாகப் போனை எடுத்தவள் ஒமாஹாவில் ரெனாட்டா என்ற நர்ஸ். நோயாளியிடமே பேசவேண்டும் என்றாள்.

"எப்படி இருக்கீங்க, ஐயா?"

"பரவாயில்லம்மா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

வெர்லா போனைப் பிடுங்கினாள். "இந்தாங்கம்மா, அவன் பேச்ச எழுதிக்காதீங்க! மாடு மிதிச்சு எலும்பு வெளிய வந்தப்பவும் இந்த ஆளு பரவாயில்லன்னுதான் சொன்னான். எங்க ஊர்ல பரவாயில்லன்னா சாகக் கெடக்கேன்னு அர்த்தம்."

"அப்போ நெஜமாவே நல்லா இருந்தா என்ன சொல்வாங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டாங்க. மழையப் பத்திப் பேசுவாங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அப்புறம் "லைன்லயே இருங்க" என்றாள். நாற்பது நிமிடம் கழித்து, "ஒரு கட்டில் இருக்கு, கெளம்புங்க" என்றாள். பனிக்காற்றில் ஹெலிகாப்டர் எழும்பாது. ஐந்தரை மணிநேரம் வெர்லாவே ஓட்டினாள்.

அந்தக் குளிர்காலத்தில் கட்டில் கிடைக்காமலே எங்கள் பக்கம் நாலு பேரை அடக்கம் செய்தோம். ஓர்வில் ஜனவரியில் எலும்பும் தோலுமாக வீடு வந்தான். ஊரே சந்தோஷப்பட்டது, வெர்லாவுக்கு மட்டும் நெஞ்சில் முள். திடீரென்று ஒரு கட்டில் காலியானால், யாரோ செத்திருக்கவேண்டும். யாருடைய சாவில் இவன் பிழைத்தான்? ஏப்ரலில் தாளமுடியாமல் ரெனாட்டாவையே கூப்பிட்டு நன்றி சொன்னாள், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"யாரும் சாகல," என்றாள் ரெனாட்டா. "பேரு சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்துல சமைக்கிற அம்மா. மறுநாள்தான் அவங்கள தீவிர சிகிச்சையிலேர்ந்து மாத்தறதா இருந்தோம். நீங்க லைன்ல இருக்கும்போது நான் போய் விஷயத்தச் சொன்னேன். 'நான் இப்பவே சாதா வார்டுக்குப் போறேன், அந்தாள வரச் சொல்லு'ன்னு எந்திரிச்சுட்டாங்க. அவங்களும் நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டாங்க."

வெர்லா நேரே ஓர்வில் பண்ணைக்கு வண்டியை விட்டாள். வேலியோரம் நின்று முழுதும் கேட்டவன் தொப்பியைக் கழற்றினான். வாய் கோணியது. நாற்பது வருஷப் பழக்கத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"பயந்து போயிட்டேன், வெர்லா," என்றான். "அன்னைக்கு ரொம்பப் பயந்து போயிட்டேன்."