பெர்மிட் இல்லாமல் விழுந்த ஒன்று

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் ஒரு குள்ளன். கோடரி உண்டு, தாடி உண்டு. மற்ற நாட்களில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து கால் ஆட்டுகிறவன்.

எங்கள் பிளாக்கில் ஞாயிறுதோறும் ஒரு கதை விளையாட்டு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் கதை சொல்வார். நாங்கள் மூவர் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் புகுந்து, செய்யப்போவதைச் சொல்லிவிட்டு, இருபது முகப் பகடையை உருட்டுவோம். இருபது விழுந்தால் அபார வெற்றி, ஒன்று விழுந்தால் அபாரத் தோல்வி. அபாரம் என்றால் எவ்வளவு என்பதை அந்தந்த வீடு முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் வீட்டு விதிகளை முடிவு செய்தவர் கதை சொல்கிற அவரேதான்; சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இருபதுக்குக் கிடைக்கும் புதையல் எல்லோருக்கும் சமம். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் யூனியன் பிரச்சினை வருமாம். ஒன்றுக்குத்தான் பெரிய ஏற்பாடு. சுரங்கத்தில் போலவே, ஆபத்தான எதைச் செய்யுமுன்னும் அவரிடம் பெர்மிட், அதாவது முன் அனுமதி, வாங்க வேண்டும். பெர்மிட்டோடு ஒன்று விழுந்தால் காயத்தோடு போகும். பெர்மிட் இல்லாமல் விழுந்தால் ஆள் காலி. நெருப்புக் கக்கும் மிருகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதும் நாங்கள் பெர்மிட்டுக்கு வரிசையில் நின்றிருக்கிறோம். மிருகமே கொட்டாவி விட்டிருக்கும்.

அன்று பாலம் அறுந்தது. என் குள்ளன் பள்ளத்துக்கு மேலே ஒற்றைக் கயிற்றில் தொங்கினான். எனக்கு நிஜத்தில் வராத தைரியத்தை எல்லாம் அவன் பேரில்தான் போட்டு வைத்திருந்தேன். கயிறோ நைந்துகொண்டிருந்தது.

"மேல ஏற பெர்மிட் குடுங்க சார்."

"பெல்ட் போட்டிருக்கீங்களா?"

"குள்ளனுக்கு எதுக்கு சார் சேஃப்டி பெல்ட்?"

"உயரத்துல வேலை. பெல்ட் இல்லாம பெர்மிட் கிடையாது."

எங்கள் வில்லாளி, சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர், கன்வேயரில் வேலை. செகண்ட் ஷிப்ட் பஸ்ஸுக்காகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, எவ்ளோ நேரம் தொங்கிகினு இருப்பீங்க? எனக்கே கை வலிக்குது."

அதிகாரியின் மனைவி பள்ளி ஆசிரியை, எங்கள் மந்திரவாதி. "இவரு பெல்ட் தேடி முடிக்கறதுக்குள்ள கயிறு அறுந்துடும்" என்றபடி, பெர்மிட் கேட்காமல், பறந்து வந்து என்னைப் பிடிக்கப் பகடையை உருட்டினார். அது டீ டம்ளரில் மோதி நின்றது.

ஒன்று.

அதிகாரி பகடையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். "டம்ளர்ல பட்டுடுச்சு. திரும்பப் போடு."

"போன தடவ இவரு போட்டதும் டம்ளர்லதான் பட்டுச்சு. செல்லும்னு சொன்னீங்களே" என்று ஆசிரியை வில்லாளியைக் காட்டினார்.

"வூட்டுக்கு ஒரு ரூலு, எங்களுக்கு ஒரு ரூலா சார்?" என்றார் வில்லாளி.

"வேணாங்க, நான் செத்துட்டேன். அது சரிதான்" என்றார் ஆசிரியை. "ஆனா பெர்மிட் இல்லாம ஒருத்தி வேலையில இறங்கறா. அதிகாரி எதிர்லயே உக்காந்து பாத்துகிட்டு இருக்காரு. ஏன் நிறுத்தல?"

தொழில் அவரைக் கைவிட்ட இடம் அது. "விசாரணை வைக்கணும்" என்று முனகினார்.

"அது முடியற வரைக்கும் நீங்க கதை சொல்லக் கூடாது. உங்க மேலயும் கேள்வி இருக்கு. எழுந்திருங்க."

அவர் எழுந்தார், கதை சொல்கிறவரின் நாற்காலியில் ஆசிரியை உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது. என்னைக் காப்பாற்றப் போய்த்தானே அந்த அம்மா செத்தது.

"அப்ப என்னை மேல தூக்கி விட்டுடுங்க மேடம்."

"விபத்து நடந்த இடத்துல எதையும் நகர்த்தக் கூடாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்று அந்தத் தம்பதி ஒத்துப்போன ஒரே விஷயம்.

வில்லாளி செருப்பை மாட்டிக்கொண்டு, "கெட்டியா புடிச்சிகினு இருங்கண்ணே" என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த ஞாயிறு அவருக்கு முதல் ஷிப்ட். அதற்கடுத்த ஞாயிறு அதிகாரிக்கு டூட்டி. சாட்சி இல்லாமலும் விசாரணை நடக்காது, சம்பந்தப்பட்டவர் இல்லாமலும் நடக்காது. ஆபீஸில் நான் ஃபைலைப் புரட்டுவதும், இடது கையால் மேசை விளிம்பைக் கயிறுபோலப் பிடிப்பதும், பிடித்திருப்பதைக் கண்டு கையை எடுப்பதுமாக இருக்கிறேன். நேற்றுக் காய்கறிக் கடையில் ஆசிரியையைப் பார்த்தபோது, கயிறு இன்னும் எவ்வளவு பாக்கி என்று மெல்லக் கேட்டேன்.

"விசாரணையில இருக்கற விஷயம் சார்" என்று கத்தரிக்காயைப் பொறுக்கப் போய்விட்டார்.