தோப்பை வாங்கியவரின் பெயர்

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து உண்டு, அது அப்பாவின் பெயரிலிருந்து எடுத்தது. அடுத்த தலைமுறையில் அது வேறு எழுத்தாகிவிடும். ஆனால் தலைச்சன் பிள்ளைக்குப் பாட்டனார் பெயரை வைக்கும் வழக்கத்தை எங்கள் ஆட்கள் விட்டதில்லை. அதனால் மூத்த ஆண்களின் வரிசையில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்தன. ஒன்று திருப்போரூர் முருகனின் பெயர். மற்றது கடலோரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வத்தின் பெயர். அப்பாவுக்குக் குலதெய்வப் பெயர், தாத்தாவுக்கு முருகன் பெயர், தாத்தாவின் அப்பாவுக்கு மறுபடியும் குலதெய்வப் பெயர். அதற்கு மேலே யார் என்று கேட்க எனக்கு எழுபதுகளின் நடுவில்தான் அவசியம் வந்தது.

அவசியம் ஒரு வேலை. நான் அப்போது சிவில் டிப்ளமோ முடித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் நடந்துகொண்டிருந்த பெரிய கட்டுமானத்தில் ஒரு ஒப்பந்தக்காரரின் கொட்டகையில் ட்ரேசராக இருந்தேன். பொறியாளர் பென்சிலில் வரைந்ததன் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்து மையில் இழுப்பது வேலை. கோடு தப்பினால் பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மறுபடி இழுக்க வேண்டும். நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு நாளும் வாசல் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். அந்தத் திட்டத்துக்கு நிலம் கொடுத்தவர்களில், ஒரு பத்திரத்துக்கு ஒருவர் என்று நிரந்தர வேலை தருவதாக அறிவிப்பு வந்தது. எங்களுக்கும் அங்கே ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. அதையும் எடுத்திருந்தார்கள்.

எனக்கு அண்ணன் தம்பி இல்லை. செங்கல்பட்டில் பள்ளிக்கூட எழுத்தராக இருந்த அப்பாவுக்கு வயது தாண்டிவிட்டது. "நீயே போடு. அது தாத்தாவோட சுயார்ஜிதம். அவரா வாங்கினது. வேற யாருக்கும் பங்கு கிடையாது" என்றார்.

தோப்பை வாங்கியவருக்கு நான் என்ன முறை என்று தாலுகா ஆபீஸில் வம்சாவளி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நோட்டில் வேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டேன். பத்திரத்தின் நகல், தீர்வை ரசீதுகள், அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகைகள், கடைசியாகப் பாத்திரம். கடைசி வரியைப் பார்த்து என் சிநேகிதி ஒருத்தி சிரித்தாள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஓர் ஆணின் பெயர் அழுத்தமாகப் பதிந்திருப்பது அவர் மகளுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரத்தில்தான். பெயர் வெட்டித்தான் அனுப்புவார்கள். அது சம்பந்தி வீட்டு அடுப்படியில் அறுபது எழுபது வருஷம் கிடக்கும்.

தாத்தா கொடுத்த பித்தளை அண்டா செய்யூரில் அத்தை வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். விளிம்பில் தாத்தாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், அத்தையின் பெயர் மூன்றும் இருந்தன. மேலே ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டேன்.

"இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றாள் அத்தை.

"தோப்ப வாங்கினது தாத்தாதான்னு காட்டணும் அத்தே."

"எங்க நைனாவா? ரயிலடியில மூட்டை தூக்கினவரு. அவரு தோப்பு வாங்குனாராமா? சொல்றவன் சொன்னா கேக்கிறவளுக்கு இன்னாடி ஆச்சு?"

அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. வாய்ப்பேச்சு என் பட்டியலில் இல்லை. என்னிடம் இருந்த நகல் தெளிவாக இருந்தது. வாங்கியவர் முருகன் பெயர், அவர் தகப்பனார் குலதெய்வப் பெயர், தமிழ் வருஷம் ஆங்கீரச. இங்கிலீஷ் தேதி எழுதியிருக்கவில்லை. தாத்தாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது ஓர் ஆங்கீரச வருஷம் வந்தது. எல்லாம் பொருந்தியது. தீர்வை ரசீதுகளும் அதே பெயரில் இருந்தன. ஒரு முழுத் தாளில், எங்கள் கொட்டகையின் நல்ல பேனாவால், கட்டங்களும் கோடுகளுமாக வம்சாவளியை வரைந்தேன். தாத்தா, அவருக்குக் கீழே அப்பாவும் அத்தையும், அப்பாவுக்குக் கீழே நான். கல்யாணமாகிப் போன மகளைப் பங்கில் சேர்க்காத காலம் அது, அத்தையும் கேட்கமாட்டாள். ஆக, ஒரே வாரிசு வரிசை.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா படத்தை நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தார். "படம் ஷோக்கா கீது. ஆனா பத்திரம் நகலுக்கு நகலாச்சே. மூலம் எங்கம்மா? மூலத்தக் கண்ணால பாத்தாத்தான் மேல போவும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூலப் பத்திரம் கடலோரக் குப்பத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கலாம் என்று அப்பா சொன்னார். இந்தச் சித்தப்பா அப்பாவின் உடன்பிறந்தவர் இல்லை. தாத்தாவுக்கு ஒரு தம்பி, அந்தத் தம்பியின் மகன். தாத்தாவின் அப்பா கடைசிக் காலத்தில் இளைய மகனோடு குப்பத்திலேயே இருந்துவிட்டதால் அவருடைய தகரப் பெட்டியும் அங்கேயே தங்கிவிட்டது. "கேட்டா குடுப்பான். எதுக்குன்னு ரொம்ப விளக்க வேண்டாம்" என்றார் அப்பா.

அடுத்த வாரம் வேலை முடிந்ததும் குப்பத்துக்கு நடந்தேன். வாசலில் சித்தி கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க, ஆபீசரம்மா. இன்னா, வழி தப்பி வந்துகினு கீறியா? ரெண்டு வருசமா இங்க பக்கத்துலதான் வேல பாக்கிற, இன்னிக்குத்தான் வூடு கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"சும்மா இரு. பொண்ணு வந்ததும் வராததுமா" என்று சித்தப்பா உள்ளேயிருந்து வந்தார். அவருடைய சொந்தக் கட்டுமரம் முந்தின வருஷப் புயலில் போயிருந்தது. அடுத்தவர் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். ஏறாத நாளில் வலை சிக்கு எடுத்தார். பத்திரத்தைக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"பெட்டியில கெடக்குது. எங்க நைனா வெச்சது வெச்சபடி கீது. அந்தத் தோப்பு உங்க பக்கத்து சொத்து, நமக்குப் பாத்தியதை இல்லன்னு அண்ணாத்த சொன்னாரு. எங்க நைனாவும் சரின்னு பூட்டாரு. எனக்கு எதுக்கு அது? எடுத்துகினு போ."

பெட்டிக்குள் ஒரு துணி, அதற்குள் நான்காக மடித்த தடித்த காகிதம். மடிப்பைப் பிரித்தேன். மேலே அச்சடித்த முத்திரையில் ஒரு தலை இருந்தது. தாத்தா வாங்கிய காலத்தில் இருந்திருக்க வேண்டிய தாடி வைத்த ராஜா இல்லை. கொண்டை போட்ட ராணி.

நான் எழுத்தைக்கூடப் படிக்கவில்லை. அந்த ராணி செத்துச் சில வருஷம் கழித்துத்தான் என் தாத்தா பிறந்தார். செத்துப்போன ராணியின் முத்திரைத்தாளில் தாத்தா எப்படித் தோப்பு வாங்குவார்?

நின்றபடியே கணக்குப் போட்டேன். தமிழ் வருஷங்கள் அறுபது. ஆங்கீரச என்றால் ஒரு வருஷம் இல்லை, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் வருஷம். தாத்தாவுக்கும் அவருடைய தாத்தாவுக்கும் இடையில் கிட்டத்தட்ட அதே அறுபது. அவருக்கும் முருகன் பெயர். அவர் தகப்பனாருக்கும் குலதெய்வப் பெயர். தோப்பை வாங்கியவர் அந்த மேல் தாத்தா. அவர் போனதும் பட்டாவில் பெயரை மாற்றித் தரச் சொல்லி யாரும் மனுக் கொடுக்கவில்லை. பேரன் அதே பெயரோடு வளர்ந்து அதே பெயரில் தீர்வை கட்டினார். ரசீது எழுதியவரும் கேட்கவில்லை. இரண்டு ஆட்களை நான் ஒரே கட்டத்தில் போட்டிருந்தேன்.

மேல் தாத்தா வாங்கியது என்றால் அது அவர் மகனுக்கு வந்து, மகனின் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியிருக்க வேண்டும். ஒன்று எங்கள் கிளை. இன்னொன்று எதிரே கையில் வலையோடு நின்ற சித்தப்பா. வேலையோ பத்திரத்துக்கு ஒன்றுதான்.

"இன்னா, செல்லு கிள்ளு அரிச்சிருக்குதா?" என்றார்.

"இல்ல சித்தப்பா. நல்லாத்தான் இருக்கு. பாத்துட்டுச் சொல்றேன்" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவிடம் காகிதத்தை விரித்து வைத்தேன். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள்கூடப் படிக்க வராது. கண்ணாடியை எடுக்காமலே, "ஆமாம், ராணி தலைதான்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"பழைய விஷயம். எங்க அப்பா சொன்னதை நான் சொன்னேன்." காகிதத்தை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, "குமாஸ்தா நமக்குப் பழக்கமில்லாதவர் இல்ல. மூலம் செல்லரிச்சுப் போச்சுன்னு ஒரு மனு எழுதிக் குடுத்தா நகலையே வாங்கிக்குவார். நகல்ல தலை இல்லையே" என்றார்.

"அரிக்கலையேப்பா."

"உனக்காகத்தான் சொல்றேன்."

அது உண்மை. எனக்கு அந்த வேலை வேண்டும். அங்கே போனால் ட்ரேசர், பிறகு டிராஃப்ட்ஸ்மேன் என்று ஏணி இருந்தது. ஒப்பந்தக்காரர் கொட்டகை கட்டடம் முடிந்ததும் பிரித்துவிடுவது. நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். என் பக்கம் படிப்பு, வயது இருபத்திரண்டு, வேறு இடங்களில் மனுப் போடலாம். சித்தப்பா பக்கம் எட்டாவது வரை படிப்பு, வயது முப்பத்து நான்கு, வரம்பு முப்பத்தைந்து. அதற்குக் கீழே எழுத ஒன்றும் இல்லாமல் மூடிவைத்தேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வேறொரு தாளில் ஐந்து தலைமுறைக்குப் புதிதாக வரைந்தேன். இந்த முறை முருகன் பெயருக்கு இரண்டு கட்டம். கீழே இரண்டு கிளை. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன்.

சித்தப்பா தாளின் மேல் விரல் வைத்துக் கட்டம் கட்டமாக இறங்கினார். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. "இது நானா?"

"நீங்கதான். தோப்புல உங்களுக்கும் பாதி. வேலை ஒண்ணுதான். ஒரு கிளை போட்டா இன்னொரு கிளை சம்மதம்னு கையெழுத்துப் போடணும்."

சித்திதான் முதலில் பேசினாள். "அப்போ இத்தினி வருசமா? தோப்புல சுள்ளி பொறுக்கப் போனா எங்க மாமனாரே என்னத் திட்டுவாரு. அண்ணன் வூட்டு சொத்து, கை வெக்காதம்மான்னு. அந்த மனுசன் அப்பிடியே நம்பிகினு செத்தாரு. ஒங்க நைனாவுக்கு இது தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை.

"வுடு. எதுக்கு அத்தப் போயி இதுங்கிட்ட கேட்டுகினு" என்ற சித்தப்பா என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு. நீ போடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன். நான் போட்டா இன்னா குடுப்பாங்க, தொடப்பம் குடுப்பாங்க."

"ஏன், தொடப்பம் புடிச்சா கை இன்னா அறுந்தா பூடும்?" என்றாள் சித்தி. "ஊரான் மரத்துல ஏறி அவன் வீசுறத வாங்கிகினு வரியே, அது மட்டும் பெருமையா?"

"தொடப்பம் இல்ல சித்தப்பா. வாட்ச்மேன் இருக்கு, ஹெல்பர் இருக்கு."

"கரை மேலதான?"

"கரை மேலதான்."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். நான் அந்த இடத்தில் சும்மா இருந்திருந்தால் போதும். அவர் தன் வாயாலேயே சம்மதம் சொல்லியிருந்தார், படிவம் என் பையில் இருந்தது. இரண்டு நிமிஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"உங்களுக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. எனக்கு இன்னும் பதிமூணு வருஷம் இருக்கு. நீங்க போடுங்க. நாங்க கையெழுத்துப் போடறோம்."

"அண்ணாத்த போடுவாரா?"

"போடுவார்."

படிவத்தை நானே நிரப்பினேன். சித்தப்பா மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் ஆனது. அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சம்மதக் கடிதம் கையெழுத்தாகி என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. அவருக்குத் தெரிந்தது எப்போதிலிருந்து என்பதை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தா மூலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "போன வாட்டி ஒத்த வரிசையா இருந்துச்சு, இப்போ இன்னா கிளை வுட்டுகினு கீது?" என்றார். முத்திரையைக் காட்டி, இரண்டு பேர் ஒரே பெயர் என்றேன். "இந்தத் தாலுகாவுல பாதிப் பேஜாரு இதனாலதான்" என்று சொல்லிவிட்டுப் பதிவில் ஏற்றிக்கொண்டார்.

ஆறேழு மாதம் கழித்துச் சித்தப்பாவுக்கு வாட்ச்மேன் உத்தரவு வந்தது. நான் வெளியே நான்கு இடங்களுக்கு மனுப் போட்டிருந்தேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒப்பந்தக்காரர் கொட்டகைக்கே போய் வந்துகொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் காக்கிச் சட்டையோடு அவர் நின்றிருந்தார். சட்டை புதிது, மடிப்புக் கலையவில்லை. சிரித்தபடி உள்ளே நுழையப் போனேன். அவர் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"பாஸு?"

"சித்தப்பா, நான்தான்."

"நீதான்னு தெரியுது. அண்ணாத்த பொண்ணுன்னாலும் பாஸ் பாஸுதான். காட்டு."

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "இது சனிக்கிழமை போட்டது. இன்னிக்குத் தேதி போட்டு வாங்கியா."

எனக்குப் பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி, மணலில் கால் கிலோமீட்டர் நடந்து, வாசலுக்கு வெளியே இருந்த ஒப்பந்தக்காரரின் ஆபீஸ் திறக்கும்வரை காத்திருந்து, அன்றைய தேதி போட்ட பாஸை வாங்கி வந்தேன். அவர் அதையும் முழுதாகப் படித்த பிறகுதான் தடியை எடுத்தார்.