வருஷம் நிறையாத தங்கம்

கடலூர் முதுநகர் ரஃபியுதீன் ஜகாத் கொடுக்க மறுத்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடமை வந்தால்தானே மறுப்பதற்கு? கடமையே தன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

விஷயம் எளிது. தங்கம், ரொக்கம், கடைச் சரக்கு என்று அளவுக்கு மேல் இருக்கும் செல்வம், ஒருவரிடம் ஒரு பிறை வருஷம் முழுதாகத் தங்கினால் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குப் போகவேண்டும். ரஃபியுதீன் தங்க விடமாட்டார். வருஷம் நிறையச் சில நாள் இருக்கும்போது மனைவி மெகருன்னிசாவை எதிரே உட்காரவைத்து, "எல்லாத்தையும் உனக்கு ஹிபா பண்ணிட்டேன்" என்பார். அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். "வாங்கிக்கிட்டேன்" என்பாள் அவள், வெங்காயம் உரித்தபடி. அடுத்த வருஷம் நிறையும் முன்னால் அவள் ஹிபா பண்ணுவாள், இவர் வாங்கிக்கொள்வார். காடாம்புலியூர் தோப்புகளில் முந்திரி வாங்கிச் சிதம்பரத்துக் கடையில் விற்ற லாபமெல்லாம் இப்படிப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே ஊஞ்சலாடியே வளர்ந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருமுறை, "இது நல்லாவா இருக்கு பாய்?" என்று கேட்டார்.

"சட்டத்துல எங்க தப்பு, காட்டுங்க" என்றார் ரஃபியுதீன்.

போன வருஷம் கொடுக்கும் முறை இவருடையது. கொடுத்தார். இத்தனை காலம் சும்மா இருந்த தங்கத்துக்கு அந்த முறை என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

முதலில் ரமலானில் கவனித்தார். வாசலுக்கு வாசல் நின்று ஸலாம் சொல்லும் ஏழைகள் அவர் வீட்டைத் தாண்டிப் போனார்கள். வெறும் மதில் சுவரைத் தாண்டுவதுபோல, தலைகூடத் திருப்பாமல். சில்லறை மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம்தான். பிறகு சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் அவர் ஸீட்டைத் தாண்டிப் போனார். அதிலும் சந்தோஷம்தான். கடையின் கைரேகைப் பூட்டு அவர் விரலுக்குத் திறக்க மறுத்தபோதுதான் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முந்திரிக்கொட்டைப் பால் பட்டு ரேகை தேஞ்சிருக்கும் பாய்" என்றார் கணக்குப்பிள்ளை ஜெயப்பிரகாஷ். சொல்லும்போது அவர் பார்வை ரஃபியுதீனின் தோளுக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்தில் நின்றது.

இந்த வருஷம் கெடு, ரமலானுக்குப் பதினைந்து நாள் முந்தி வரும் பராஅத் அன்று முடிகிறது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பீரோவைத் திறந்து, தங்கக் காசுகளைச் சின்னப் பேட்டரித் தராசில் வைத்தார். பூஜ்யம். இன்னும் ஒரு கை அள்ளி வைத்தார். பூஜ்யம்.

"மெகரு, தராசு கெட்டுப்போச்சு."

அவள் வந்து அதே காசுகளை எடுத்து வைத்தாள். எண் குதித்து ஏறியது.

"பேட்டரி வீக்கா இருக்கும்ங்க" என்றாள், தராசைப் பார்க்காமலே.

அவர் தராசைத் தள்ளி வைத்தார். "நாள் நெருங்குதும்மா. அத இப்பவே சொல்லிடு."

"எத?"

"ஹிபா. திருப்பிக் குடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை."

மெகருன்னிசா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள், தொண்டைக்குழி ஏறி இறங்கியது, காற்றுதான் வந்தது. "தண்ணி குடுங்க" என்றபோது மட்டும் குரல் கணீரென்று இருந்தது. "பாத்தீங்களா? மத்ததெல்லாம் வருது. அது மட்டும் வரமாட்டேங்குது." அவள் கண்ணில் இருந்தது பயமா சிரிப்பா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தினமும் கேட்டார். தினமும் உதடு மட்டும் அசைந்தது. ஹால் கண்ணாடியில் தன் சட்டை தெளிவாகவும் முகம் கலங்கலாகவும் தெரிவதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். பராஅத் வந்தது. அந்திநேர மஃரிப் பாங்கு ஒலித்தது. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, ஒருவர் கையில் வருஷம் நிறைந்தது.

மறுநாள் காலை மெகருன்னிசா ஜெயப்பிரகாஷுக்குப் போன் போட்டுச் சரக்கின் மதிப்பைக் கேட்டாள். தங்கம், ரொக்கம், முந்திரி எல்லாம் கூட்டி நாற்பதால் வகுத்தாள். அந்தப் பங்கைப் பொட்டலங்களாகக் கட்டினாள். அதில் ஒரே ஒரு தங்கக் காசைத் தனியே எடுத்துக் கணவர் முன் நீட்டினாள்.

"இது என்னா?"

"உங்க பங்கு. வீடு என்னுது, கடை என்னுது. உங்ககிட்ட என்னா இருக்கு? இல்லாத புருஷனுக்குப் பொண்டாட்டி ஜகாத் குடுக்கலாம்னு ஹஜ்ரத் சொன்னாங்க. நம்ம ஷாஃபி மத்ஹப் வழியில அதுக்கு எடம் இருக்காம்." கொஞ்சம் நிறுத்தினாள். "சட்டத்துல எங்க தப்பு, காட்டுங்க."

ரஃபியுதீன் வாங்கிக்கொண்டார். காசு உள்ளங்கையில் கனத்தது. தராசில் வைத்தார். எண் ஏறியது. ஏறி நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய்!"

வாசலில் ஒரு கிழவி. ரமலானில் வீட்டைத் தாண்டிப் போனவர்களில் ஒருத்தி. இப்போது நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கையை நீட்டி நின்றாள்.

பழக்கம் லேசில் விடுமா? "மெகரு, இத உனக்கு ஹி..." என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. தராசில் எண் மினுமினுத்து இறங்க ஆரம்பித்தது. வாசலில் கிழவியின் பார்வை மெல்ல அவரைவிட்டு மதிலுக்கு நகர்ந்தது.

ரஃபியுதீன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.